காங்கஸ் கைவேலைத் தோட்டா

தோட்டாத் தட்டுப்பாடு வந்த வருஷம் ஊரில் முதலில் சிரித்தவர் வெண்டல் காங்கஸ்தான். இரும்புக்கடை வாசலில் ஜனங்கள் விடியற்காலையிலிருந்து வரிசை கட்டி நின்றதை, எதிர்ப்பக்கம் வியெனோ அக்காவின் பாஸ்டிக் கடை ஜன்னலோரம் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டியைக் கடித்துக்கொண்டே, "பாரு, ஆடு மாதிரி நிக்கிறானுங்க. என்கிட்ட பத்து வருஷத்துக்கு இருக்கு" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பத்து வருஷத்துச் சரக்கு அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு காப்பி டப்பாவில் இருந்தது. இருந்ததாக அவர் நம்பினார். மறு வருஷம் அக்டோபரில், மான் பருவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது டப்பாவைத் திறந்தார். ஆறு தோட்டா, ஒரு கொத்துத் தூண்டில் முள், அவர் மனைவி லோர்னா நாலு வருஷமாகத் தேடிய ஒற்றைக் காதணி. அவ்வளவுதான்.

இரும்புக்கடைக்குப் போனார். இருபது தோட்டா அடங்கிய பெட்டி, முன்பெல்லாம் இருபது டாலருக்கு வாங்கியது, எழுபத்தைந்து டாலர். ஆளுக்கு ஒரு பெட்டிதான்.

"எழுபத்தஞ்சா? மானே அவ்ளோ விலை போகாதேப்பா!"

"மானுக்குத் தட்டுப்பாடு இல்லையே சார்" என்றான் கடைக்காரன்.

வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வெண்டல் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு பிரேக் பார்த்தவர். தன் கையால் செய்ய முடிந்த ஒரு பொருளுக்குக் கடையில் காசு கொடுப்பதை அவமானமாக நினைக்கிற ஜாதி. வெறுங்கையோடு வெளியே வந்தார். அந்த வாரமே பக்கத்து ஊரில் யாரோ வீட்டைக் காலி செய்து விற்றுக்கொண்டிருந்த இடத்தில், தோட்டா செய்கிற இரும்பு அச்சு இயந்திரம், சின்னத் தராசு, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் ஒரு மூட்டை, தடித்த கையேடு ஒன்று, கூடவே வெடிமருந்து டப்பா ஒன்று, எல்லாமாகச் சேர்த்து இருநூறு டாலருக்கு வாங்கி வந்தார்.

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து போயிருந்தது. உள்ளே பாதிக்கு மேல் மருந்து. வெண்டல் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பார்த்தா ரைஃபிள் மருந்து மாதிரிதான் இருக்கு" என்றார்.

"மாதிரின்னா?" என்றாள் லோர்னா.

"நிறம், மணி எல்லாம்..."

"இந்தா பாரு வெண்டல். பேர் தெரியாத மருந்தை நாம இருமலுக்குக்கூடக் குடிக்க மாட்டோம். நீ கன்னத்துக்கிட்ட வச்சுக் கொளுத்தப் போறியா?"

பதிலுக்குக் காத்திராமல் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துப் பாத்தியில் கொட்டித் தண்ணீர் விட்டாள். வெண்டலுக்கு மனசு ஆறவில்லை. கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிளில் போட்டால் துப்பாக்கி சுக்குநூறாகும் என்று கையேட்டில் மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. அவர் நேராகப் பதினெட்டாம் பக்கத்தில் இருந்த படத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்திருந்தார்.

புது மருந்து வாங்க வேண்டியதாயிற்று. கூட்டின் வாயில் செருகுகிற ஈயக் குண்டு, அதாவது ரவை, அதுவும் வாங்க வேண்டியதாயிற்று. தோட்டாவின் அடியில் பதிக்கிற பொடிக் கேப்புகள் கடையில் எழுபத்தைந்து டாலர் பெட்டியைவிட அரிதாக இருந்தன; நூறு கேப்புக்காக, ஆடுகள் என்று அவர் பேர் வைத்திருந்த அதே வரிசையில், அதே ஜன்னலுக்கு எதிரே, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். ஜன்னலுக்கு உள்ளிருந்து வியெனோ அக்கா அவரைப் பார்த்து நிதானமாகக் கை அசைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பது தோட்டா செய்தார். மரக்கட்டையில் வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசை கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ரவையை வைத்து அழுத்துகிற வேலை. வானொலியில் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வரிசையிலோ ஆறாம் வரிசையிலோ போன் அடித்தது. லோர்னாவின் அண்ணன் ரூபன் லாத்தி, நடுவர் கொடுத்த தீர்ப்பு சரியா தப்பா என்று சண்டை போடக் கூப்பிட்டிருந்தார். சண்டை முடிந்து வந்து வெண்டல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விட்ட இடம் என்று அவர் நினைத்த இடத்திலிருந்து.

ரவை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பிரேக் பார்த்த கைக்கு டார்ச் எதற்கு?

நாற்பதும் தங்கம் போல மின்னின. மச்சானுக்குப் பிறந்தநாள் வந்தது. ரூபனை அசத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று இருபதைப் பெட்டியில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்டி, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'காங்கஸ் கைவேலை. நம்பிக்கையோடு சுடவும்.'

நவம்பர் பதினைந்து, பருவத்தின் முதல் நாள். முந்தின ராத்திரி பெய்த பனி முழங்காலுக்குக் கீழே நின்றது. முன்கூட்டியே நாலு குண்டு சுட்டுக் குறி சரிபார்க்கிற வழக்கத்தையும் அந்த வருஷம் வெண்டல் விட்டுவிட்டார். இவ்வளவு உழைத்துச் செய்ததை அட்டையில் சுட்டு வீணாக்குவானேன் என்று கணக்கு.

காலை எட்டேகாலுக்கு, மரத்தின் மேல் கட்டியிருந்த அவர் பரணுக்கு அறுபது அடி தூரத்தில் ஒரு கொம்பு மான் வந்து நின்றது. பத்துக் கிளைக் கொம்பு. அவர் ஆயுளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

'புஸ்' என்றது.

சோடா பாட்டில் மூடி கழன்ற சத்தம் அவ்வளவுதான். மான் ஓடவில்லை. தலையைத் தூக்கி, யார் தும்மியது என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வெண்டல் தானே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தன்னை இன்னும் கொஞ்சம் கேவலமாக்கித்தான் சொல்வார். ரைஃபிளின் அடிக்கைப்பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினார். மறுபடி இழுத்தார். மறுபடி. மறுபடி. சரமாரியாகச் சுட்டுக்கொண்டிருக்கிறோம் என்றே அவர் நினைப்பு. விசையின் பக்கம் விரலே போகவில்லை. மீதி ஐந்து தோட்டாவும் சுடாமலே ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளிப் பரணுக்குக் கீழே பனியில் போய்ச் செருகிக்கொண்டன. ஐம்பத்தெட்டு வயது, நாற்பத்து நாலு பருவம் பார்த்த வேட்டைக்காரர், முதல் மானைப் பார்த்த பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி நடுங்கிவிட்டார். மான் இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு நடந்தே போயிற்று. ஓடக்கூட இல்லை.

வெண்டல் துப்பாக்கியில் ஒன்றும் மிச்சமில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அடிப்பக்கத்தைத் திறந்து வைத்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. கும்மிருட்டு.

மருந்தே இல்லாத தோட்டா. கேப்பு மட்டும் வெடித்து, ரவையைக் குழலுக்குள் இரண்டு அங்குலம் தள்ளிவிட்டு நின்றுவிட்டது. அதன் பின்னாலேயே அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் அவர் முகத்துக்கு எதிரே வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்திருக்கும். கைநடுக்கம்தான் அவர் கண்ணைக் காப்பாற்றியது, புத்தியல்ல.

அப்போதுதான் ரூபனின் இருபது தோட்டா ஞாபகம் வந்தது. விட்டுப்போனது ஒன்றா, ஒரு வரிசை முழுக்கவா?

உடனே கிளம்பினார் என்று சொல்ல ஆசைதான். உடனே கிளம்பவில்லை. பரணிலேயே உட்கார்ந்தார். சொல்லாமல் விட்டால் என்ன? ரூபனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி இந்த வருஷம் காட்டுக்கே வரவில்லை. சாவகாசமாக அடுத்த வாரம் போய், வேறு ஏதோ சாக்குச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. இந்த யோசனை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே ஒரு மாதிரி இருந்தது. இறங்கினார். பனியில் செருகிக் கிடந்த ஐந்தையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

ரூபன் முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து, டிவிக்கு எதிரே சாய்ந்திருந்தார்.

"என்ன மாப்ளே, பத்து மணிக்கே வந்துட்டே? அடிச்சாச்சா?"

"மச்சான், நான் கொடுத்த அந்தப் பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"தோட்டாப் பெட்டி. பிறந்தநாளுக்கு."

ரூபன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. "அது வந்து... வித்துட்டேன்."

"வித்துட்டியா? நான் ஆசையா செஞ்சு கொடுத்ததை வித்துட்டியா?"

"அறுபது டாலர் மாப்ளே! இன்னைக்கு நிலவரத்துக்கு அறுபது டாலர்னா உன்னையே வித்திருப்பேன். அதுவும் வியெனோ அக்கா தானா வந்து கேட்டா. நான் எங்க காட்டுக்குப் போறேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு?"

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். "அதுல சிலதுல மருந்தே இல்லை மச்சான். நான் போட மறந்துட்டேன்."

ரூபன் அவரையே பார்த்தார். சிரிப்பு வருவதும் அடங்குவதும் முகத்தில் தெரிந்தது. "அன்னைக்கு நான் போன் பண்ணேனே, அப்பவா?"

"அப்பத்தான்னு நினைக்கிறேன்."

"அந்தத் தீர்ப்பு தப்புதான், இப்பவும் சொல்றேன்" என்ற ரூபன், உடனே, "போ, போ. நிக்காதே" என்றார்.

பாஸ்டிக் கடையில் முதல் நாள் கூட்டம். காட்டிலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் ஆரஞ்சு அங்கியோடு மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெண்டல் கல்லாவை நெருங்கி, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வியெனோ சோர்வாலாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"என்னது? எதுல மருந்து இல்லை?"

"என் தோட்டாவுல அக்கா."

"சத்தமா சொல்லுப்பா!"

"நான் செஞ்ச தோட்டாவுல மருந்து இல்லை!"

யாரோ ஒருவர் முள்கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தார்.

"அதானே பார்த்தேன்" என்றாள் வியெனோ அக்கா. "'நம்பிக்கையோடு சுடவும்'னு எழுதியிருந்தப்பவே எனக்குச் சந்தேகம். நல்ல சரக்குல எவன் அப்படி எழுதுவான்? இந்தா, மூணு இங்க இருக்கு. குப்பைத் தொட்டிக்கு வர்ற கரடிக்குன்னு எடுத்து வச்சேன்." கல்லாப்பெட்டியின் ஓரத்திலிருந்து மூன்று தோட்டாவை எடுத்து நீட்டினாள்.

"மீதி பதினேழு?"

"ட்ரெஸ்ஸாகிட்ட. இந்தக் குளிர்காலம் முழுக்கக் கடை வாசல்ல பனி தள்ளித் தரேன்னா. அதுக்கு ஈடா கொடுத்தேன்."

"ட்ரெஸ்ஸா பென்ஹேலா? ஊர்ல பனி தள்ளுற வண்டி ஓட்டுறவளா?"

"அவதான். ஆட்டர் ஓடைக்கு மேல இருப்பா. ஏன்டா இன்னும் நிக்கிற?"

ஆட்டர் ஓடைக்குப் போகும் பாதையில் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். வழி நெடுகப் பரண்கள். பருவத்தின் முதல் நாள் காலையில் அடுத்தவன் பரணுக்குக் கீழே தடதடவென்று ஓடுகிறவனை அந்த ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். போன வருஷம் அப்படி நடந்த ஒரு வெளியூர்க்காரனை வெண்டலே வாயில் வந்தபடி திட்டியிருக்கிறார். இப்போது மூன்று மரங்களிலிருந்து மூன்று விதமாக வசவு விழுந்தது. "எருமை!" என்ற குரல் அடையாளம் தெரிந்தது; மாதா கோயிலில் அவருக்கு முன் வரிசையில் உட்கார்கிறவர். வெண்டல் நிற்காமல் ஓடினார். ஓடினார் என்பதும் அவர் சொல்வது. அந்தப் பனியில், அந்தத் தொப்பையோடு, வேகமாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார் என்பதே சரி.

ஓடைத் திருப்பத்தில் அவளைக் கண்டுகொண்டார். விழுந்து கிடந்த தேவதாரு மரத்துக்குப் பின்னால் ட்ரெஸ்ஸா மண்டியிட்டிருந்தாள். ரைஃபிள் தோளில். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருந்தது. அவளுக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொம்பு மான் குனிந்து எதையோ மேய்ந்துகொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தார். ஓடி வந்ததில் மூச்சே இல்லை. கையில் இருந்த மூன்று தோட்டாவையும் தலைக்கு மேலே ஆட்டினார். பிறகு எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. வார்த்தை என்று சொல்ல முடியாது. பிரேக் பிடிக்காத பஸ் இறக்கத்தில் போடுகிற சத்தம்.

மான் ஒரே தாவலில் மறைந்தது. ட்ரெஸ்ஸா துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு எழுந்தாள். முப்பத்து நாலு வயது. ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. காது வரை சிவந்திருந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு என்ன பைத்தியமா? விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்கேன்! காலே மரத்துப்போச்சு!"

"சுடாதே... சுடாதேம்மா. அந்தத் தோட்டா நான் செஞ்சது. சிலதுல மருந்து இல்லை."

அவள் முகத்திலிருந்த சிவப்பு இறங்கியதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு மணிக்கு ஒண்ணு சுட்டேன்" என்றாள் மெதுவாக. "பெட்டை மான். புஸ்னு ஒரு சத்தம்தான் வந்துச்சு. கேப்பு ஈரமாயிடுச்சுன்னு நினைச்சேன். காலிக் கூட்டைத் தள்ளிட்டு அடுத்ததைப் போட்டேன்."

"போட்டு?"

"இப்பத்தான் சுடப் போனேன்."

இரண்டு பேரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள். அவள் அடிக்கைப்பிடியை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தாள். மீதியையும் ஒவ்வொன்றாக எடுத்து மரத்தின் மேல் அடுக்கினாள். குழலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள். அவரும் பார்த்தார். கும்மிருட்டு.

வெண்டல் பனியில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. என்ன வார்த்தை சொன்னாலும் அந்தக் குழலுக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்ளும் போலிருந்தது. "நான் டார்ச் அடிச்சுப் பார்க்கலை" என்றார். "புத்தகத்துல போட்டிருந்துச்சு. படிக்கலை. பெரிய இவன்னு நினைச்சுக்கிட்டேன்."

ட்ரெஸ்ஸா அவர் பக்கத்தில் மரத்தின் மேல் உட்கார்ந்தாள். ஓடையில் தண்ணீர் பனிக்கட்டிக்கு அடியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு அண்ணே."

"தெரியும்."

"அடுத்த தடவை எனக்கு ஏதாவது கொடுக்கறதா இருந்தா, ஜாம் கொடுங்க."

அன்று பிற்பகல் லோர்னாவின் சமையலறை மேஜையில், மிச்சமிருந்த தோட்டாக்கள் அத்தனையையும், ரவையைக் கழற்றுகிற சுத்தியல் மாதிரியான கருவியில் ஒவ்வொன்றாகச் செருகித் தட்டினார்கள். ட்ரெஸ்ஸா தட்ட, லோர்னா மருந்தைக் கிண்ணத்தில் கொட்ட, வெண்டல் எண்ணினார். வேறு வேலை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ட்ரெஸ்ஸாவின் பெட்டியில் இன்னும் ஒன்று காலி. பரணுக்குக் கீழே பொறுக்கிய ஐந்தில் ஒன்று காலி. கரடிக்கு வைத்திருந்த மூன்றில் ஒன்று. சுட்ட இரண்டோடு சேர்த்து ஐந்து. ஒரு வரிசை முழுசாக.

"கரடி தப்பிச்சுது" என்றாள் லோர்னா.

"வியெனோ அக்கா தப்பிச்சாங்க" என்றாள் ட்ரெஸ்ஸா.

வெண்டல் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. துப்பாக்கி பழுது பார்ப்பவர் இரண்டு ரைஃபிளையும் வாங்கி வைத்துக்கொண்டு, டிசம்பருக்கு முன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் வெண்டலைப் போலத் தாமே தோட்டா செய்தவர்கள் இன்னும் நாலு பேர் அவரிடம் வரிசையில் இருந்தார்களாம். இதைக் கேட்டதும் வெண்டலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் ரூபன் வீட்டுக்கு ட்ரெஸ்ஸாவைக் கூட்டிப்போனார். ரூபன் தன் ரைஃபிளை எடுத்துக்கொடுத்தார். கூடவே, பிரிக்காத ஒரு கடைப்பெட்டித் தோட்டா.

"இது எங்க கிடைச்சுது மச்சான்?"

"அந்த அறுபது டாலரோட பதினஞ்சு போட்டு வாங்கினேன். உன் கைவேலையை நம்பியா நான் அடுத்த வருஷம் காட்டுக்குப் போகப் போறேன்?"

வெண்டலுக்குச் சுருக்கென்றது. பிறகு அது நியாயம் என்றும் பட்டது. ட்ரெஸ்ஸா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் ஆட்டர் ஓடைக்கு மேலே எட்டுக் கிளைக் கொம்பு மான் ஒன்றை அடித்தாள். ஒரே குண்டு. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தபோது, அரை மைல் தள்ளிப் பாதையில் காத்திருந்த வெண்டல் தன்னையறியாமல் கை தட்டினார். மானை இழுத்துக்கொண்டு வருவது அவர் பொறுப்பு என்று செவ்வாய்க்கிழமையே பேசி முடித்திருந்தார்கள். கொம்பில் கயிற்றைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார். நூறு கஜம் போனதும் நின்றார்.

"என்ன எடைம்மா இது?"

"நூத்தி எண்பது பவுண்டு இருக்கும். இழுங்க அண்ணே."

"கொஞ்சம் நின்னு போலாமா?"

"நிக்கலாம். ஆனா முதல் நாள் உங்களை எருமைன்னு திட்டினாரே, அவர் பரண் இங்கதான் எங்கயோ இருக்கு."

வெண்டல் மேலே அண்ணாந்து பார்த்தார். மரக்கிளை நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அசைந்தது. கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு, சத்தம் வராமல் அடியெடுத்து வைத்து இழுக்க ஆரம்பித்தார்.